போனஸ் விளம்பரத்தைத் தொடும் முன்: போக்கர் மேசைகளின் கணக்கைப் படிக்க ஒரு வழிகாட்டி

"5,000 போடுங்கள், 5,000 இலவசம்" என்ற ஆன்லைன் கேசினோ விளம்பரம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் போனிலும் வருகிறது, கூடலூர் பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கிறவர் போனிலும் வருகிறது. மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் அதைக் காட்டி, "சார், இது உண்மையா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலை வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. பத்தாம் வகுப்பு நிகழ்தகவும் கொஞ்சம் பெருக்கலும் தெரிந்த யாரும் தாங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஒரு சீட்டுக்கட்டு, ஒரு நோட்டு, ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். பணம் தேவையில்லை.

முதலில் சட்டம்

இதைப் பின்னால் தள்ளக்கூடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டுக்கென்று 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்று சொல்லி அந்தச் சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கான தடையை நீதிமன்றம் அப்படியே நிலைநிறுத்தியது. இணையச் சூதாட்டம் ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது.

விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு தீவு நாட்டின் உரிம எண் இருக்கும். அந்த உரிமம் நீலகிரியில் செல்லாது. பணம் மாட்டிக்கொண்டால் நம் ஊர்க் காவல் நிலையத்திலோ நுகர்வோர் மன்றத்திலோ பிடித்துக் கேட்க ஒரு முகவரி கூடக் கிடைக்காது. அதனால் இங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை விளம்பரத்தைப் புரிந்துகொள்ளத்தான். கப்பல் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வெளிநாடு போய், சூதாட்டம் சட்டப்படி நடக்கிற இடத்தில் வாழ்கிற நம் மலைப் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதே கணக்கு நேரடியாகவே உதவும்.

எதிரே உட்கார்ந்திருப்பது யார்?

நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆடும் போக்கரில் நீங்கள் மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து ஜெயிக்கிறீர்கள். நடத்துகிறவர் ஒரு கழிவு எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். கேசினோ மேசையில் ஓடும் 'மூன்று சீட்டுப் போக்கர்', 'கேசினோ ஹோல்டம்', 'கரீபியன் ஸ்டட்', 'அல்டிமேட் டெக்ஸாஸ் ஹோல்டம்' போன்றவை அப்படி இல்லை. பெயரில்தான் போக்கர் இருக்கிறது. எதிரே இருப்பது கேசினோ. அதன் சீட்டை ஆட்டுவது மனிதரோ கணினியோ, விதிப்படிதான் அது ஆடும். உங்கள் முகத்தைப் பார்த்துப் பயப்படாது, ஏமாறவும் செய்யாது. முகபாவத்தை மறைக்கும் சாமர்த்தியத்துக்கு இங்கே வேலையே இல்லை. எஞ்சியிருப்பவை இரண்டு: எந்தக் கையோடு (கிடைத்த சீட்டுகளோடு) தொடர்வது, எதை விட்டுவிடுவது என்ற முடிவு ஒன்று, மேசையின் பரிசுப் பட்டியல் இன்னொன்று. அந்தப் பட்டியல் எப்போதும் கேசினோவுக்குக் கொஞ்சம் சாதகமாகவே எழுதப்பட்டிருக்கும். அந்தச் சாதகத்தை இனி 'மேசை லாபம்' என்று சொல்கிறேன்.

சீட்டுக்கட்டை எண்ணுங்கள்

மூன்று சீட்டில் ஆரம்பிப்போம். தீபாவளி சமயத்தில் தீன் பத்தி ஆடிப் பார்த்தவர்களுக்கு இது பாதி தெரிந்த ஆட்டம். 52 சீட்டிலிருந்து 3 சீட்டு எத்தனை விதமாக வரலாம்? 52 × 51 × 50-ஐ 6-ஆல் வகுங்கள். 22,100 வரும். இந்த எண்ணை நோட்டின் மேலே பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது வகை வகையாக எண்ணுவோம். மூன்றும் ஒரே எண்ணாக வருவது (செட்): 13 எண்கள், ஒவ்வொன்றுக்கும் 4 வழி, ஆக 52. ஒரே இனத்தில் வரிசையாக வருவது: ஏஸ்-2-3 தொடங்கி ராணி-ராஜா-ஏஸ் வரை 12 வரிசை, 4 இனம், ஆக 48. இனம் கலந்த வரிசை: 12 × 64-லிருந்து அந்த 48-ஐக் கழித்தால் 720. வரிசையில்லாமல் ஒரே இனமாக மட்டும் வருவது, அதாவது மூன்றும் ஸ்பேடு அல்லது மூன்றும் டைமண்ட் என்பது போல, 1,096. ஜோடி 3,744. மீதி 16,440-ல் ஒன்றும் இல்லை, வெறும் பெரிய சீட்டுதான்.

தீன் பத்தியில் செட்டுக்குத்தான் முதல் இடம். கேசினோவின் மூன்று சீட்டு மேசையில் ஒரே இன வரிசை செட்டுக்கு மேலே உட்காரும். 48 என்பது 52-ஐவிடக் குறைவு, அதாவது அரிது, அதனால்தான். பழக்கதோஷத்தில் இதை மாற்றி நினைத்துக்கொண்டால் பட்டியலைத் தப்பாகப் படிப்பீர்கள்.

இரண்டு மேசையை ஒப்பிடுவது எப்படி

அந்த மேசையில் 'பேர் பிளஸ்' என்று ஒரு பந்தயம் உண்டு. உங்கள் மூன்று சீட்டில் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பரிசு, இல்லாவிட்டால் போட்டது போச்சு. கேசினோவின் சீட்டைப் பற்றிக் கவலையே இல்லை. புதியவர்கள் ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை, எல்லாம் எண்ணிக்கைதான்.

போட்ட காசுக்கு எத்தனை மடங்கு பரிசு என்று சொல்லும் ஒரு மேசையின் பட்டியல் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ஒரே இன வரிசைக்கு 40, செட்டுக்கு 30, வரிசைக்கு 6, ஒரே இனத்துக்கு 4, ஜோடிக்கு 1. 22,100 கையும் தலா ஒரு முறை வந்து, கைக்கு 1 ரூபாய் போட்டால் என்ன ஆகும்?

48 × 40 = 1,920
52 × 30 = 1,560
720 × 6 = 4,320
1,096 × 4 = 4,384
3,744 × 1 = 3,744

கூட்டினால் 15,928 ரூபாய் லாபம். ஒன்றுமில்லாத 16,440 கைகளில் 16,440 ரூபாய் நஷ்டம். வித்தியாசம் 512. அதை 22,100-ஆல் வகுத்தால் 2.32 சதவீதம். இதுதான் அந்த மேசையின் லாபம்.

பக்கத்து மேசையில் மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஒரே இனத்துக்கு மட்டும் 4-க்குப் பதில் 3 என்று இருக்கிறது. பார்வைக்கு ஒரு சின்ன எண்தான் மாறியிருக்கிறது. கணக்கில் 1,096 ரூபாய் குறைகிறது. வித்தியாசம் 1,608 ஆகி, மேசை லாபம் 7.28 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. மூன்று மடங்குக்கும் மேல்! இந்த இரண்டு பட்டியல்களும் உண்மையில் புழக்கத்தில் இருப்பவை. திரையின் நிறமும் இசையும் ஆட்டுகிற பெண்ணின் சிரிப்பும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். மாணவர்களிடம் நான் முதலில் போடச் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவர்கள் அதன் பிறகு எந்தப் பட்டியலையும் மேலோட்டமாகப் பார்ப்பதில்லை.

பெரிய பரிசின் எண்ணில் கண் போகும், அது இயல்பு. ஆனால் செட்டுக்கு 30 என்பதை 25 ஆக்கினால் நஷ்டம் 260 ரூபாய்தான், மேசை லாபம் 3.49 சதவீதம் ஆகிறது. அடிக்கடி வரும் கைக்கான சின்னப் பரிசில் ஒன்றைக் குறைத்தால்தான் அடி பலம். அதனால் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

இன்னொன்று. சில பட்டியல்கள் போட்ட காசைச் சேர்க்காமல் பரிசைச் சொல்லும், சில சேர்த்துச் சொல்லும். முதல் முறையில் '1' என்பதும் இரண்டாவது முறையில் '2' என்பதும் ஒரே பரிசு. ஒப்பிடும் முன் இரண்டு பட்டியலையும் ஒரே முறைக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

எந்தத் தொகையின் சதவீதம்?

இந்த இடத்தில்தான் விவரம் தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள். மூன்று சீட்டு மேசையின் முக்கிய ஆட்டத்தில் முதலில் 'ஆன்டே' என்ற முதல் பந்தயம் வைக்க வேண்டும். சீட்டைப் பார்த்த பிறகு இன்னொரு பங்கு அதே அளவு வைத்துத் தொடரலாம், அல்லது முதல் பந்தயத்தை விட்டுவிட்டு ஒதுங்கலாம். வழக்கமான பட்டியலில், சரியாக ஆடினால் மேசை லாபம் 3.37 சதவீதம் என்பார்கள். அது முதல் பந்தயத்தின் சதவீதம். 100 ரூபாய் முதல் பந்தயம் என்றால் கைக்குச் சராசரி 3.37 ரூபாய் போகும். ஆனால் இரண்டாவது பந்தயமும் சேர்த்துச் சராசரியாக 167 ரூபாய் மேசையில் வைக்கிறீர்கள். அந்த மொத்தத்தில் பார்த்தால் 2.01 சதவீதம்தான்.

இரண்டும் சரி, இரண்டுக்கும் வேலை உண்டு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போகும் என்று பார்க்க முதல் எண் வேண்டும். கணினி ஆட்டும் மேசையில் மணிக்கு 200 கை ஆடினால், 100 ரூபாய் பந்தயத்துக்கு 674 ரூபாய். போனஸ் கணக்குக்கு இரண்டாவது எண் வேண்டும், அதைப் பிறகு பார்ப்போம். உதவிப் பக்கத்தில் 'ஆட்டக்காரருக்குத் திரும்பும் விகிதம் 96.63' என்று போட்டிருந்தால் அது 100-லிருந்து 3.37-ஐக் கழித்தது, அதாவது முதல் பந்தயக் கணக்கு. ஒரு மேசையின் முதல் பந்தயச் சதவீதத்தை இன்னொரு மேசையின் மொத்தப் பந்தயச் சதவீதத்தோடு வைத்து ஒப்பிடாதீர்கள்.

மற்ற மேசைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமான பட்டியலும் சரியான ஆட்டமும் இருந்தால், கேசினோ ஹோல்டமில் முதல் பந்தயத்தில் 2.16 சதவீதம், மொத்தத்தில் 0.82. கரீபியன் ஸ்டட்டில் 5.22, மொத்தத்தில் 2.56. அல்டிமேட் டெக்ஸாஸ் ஹோல்டமில் 2.19, மொத்தத்தில் 0.53. கடைசி மேசை மலிவாகத் தெரியும். ஆனால் 100 ரூபாய் மேசையில் முதல் பந்தயம் 100, கூடவே சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய குருட்டுப் பந்தயம் 100, நல்ல கை வந்தால் 400 என்று ஒரே கையில் 600 ரூபாய் வைக்கத் தயாராக இருக்க வேண்டும். சதவீதம் சின்னது, ஏற்ற இறக்கம் பெரியது.

'சரியாக ஆடினால்' என்ற நிபந்தனையையும் மறக்கக்கூடாது. மூன்று சீட்டுக்கு விதி எளிது: ராணி-6-4 அல்லது அதைவிட நல்ல கை என்றால் தொடருங்கள், கீழே என்றால் ஒதுங்குங்கள். ராணியோடு 7 வந்தால் மூன்றாவது சீட்டு எதுவானாலும் தொடரலாம். ராணியோடு 6 வந்தால் மூன்றாவது 4-ஆகவாவது இருக்க வேண்டும். ராஜாவோ ஏஸோ பெரிய சீட்டாக இருந்தால் யோசனையே வேண்டாம். கேசினோ ஹோல்டமில் நூற்றுக்கு ஏறக்குறைய 82 கைகளைத் தொடர வேண்டும். பயந்து பயந்து ஒதுங்குகிறவருக்கு 2.16 என்ற எண் பொருந்தாது, அவர் இழப்பது அதைவிட அதிகம். வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து, புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்து, ஒருவர் கேசினோவாக ஆடிப் பாருங்கள். ஒதுங்கும் முடிவு எவ்வளவு தவறாகப் போகிறது என்பது சீக்கிரமே கண்ணுக்குத் தெரியும்.

போனஸை உரித்துப் பார்ப்பது

பச்சைத் தேயிலை போடுகிற நம் ஊர்க்காரர்கள் கிலோ விலையை மட்டும் கேட்டுவிட்டு மூட்டையை இறக்குவதில்லை. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள், சாக்குக்கு எவ்வளவு, பணம் எப்போது என்று கேட்ட பிறகுதான் இறக்குவார்கள். போனஸையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

உதாரணம்: 5,000 போட்டால் 5,000 போனஸ், 30 மடங்கு நிபந்தனை. அதாவது பணத்தை வெளியே எடுக்கும் முன் அந்தத் தொகையை 30 மடங்கு பந்தயம் கட்டி முடிக்க வேண்டும். முதல் கேள்வி: 30 மடங்கு எதற்கு? போனஸுக்கு மட்டும் என்றால் 1,50,000 ரூபாய்ப் பந்தயம். போட்ட பணமும் போனஸும் சேர்த்து என்றால் 3,00,000. மூன்று சீட்டு மேசையில் மொத்தப் பந்தயச் சதவீதம் 2.01. முதல் வகையில் சராசரிச் செலவு 3,015 ரூபாய். 5,000 போனஸில் 1,985 மிஞ்சுகிறது என்று தோன்றும். இரண்டாவது வகையில் செலவு 6,030. போனஸே அதற்குப் போதாது. விளம்பரத்தில் இரண்டும் '30 மடங்கு' என்றுதான் இருக்கும்.

இரண்டாவது கேள்விதான் கழுத்தைப் பிடிப்பது. மேசை ஆட்டங்கள் நிபந்தனைக்கு எத்தனை சதவீதம் சேரும்? பொத்தானை அழுத்தினால் படங்கள் சுழலும் ஸ்லாட் எந்திரங்களுக்கு 100 சதவீதம் கொடுத்துவிட்டு, மேசை ஆட்டங்களுக்கு 10 அல்லது 20 என்று போடுவது வழக்கம். சிலர் பூஜ்யம் என்றே போடுவார்கள். 10 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுகிற 100 ரூபாயில் 10 ரூபாய்தான் கணக்கில் ஏறும். 1,50,000 முடிக்க 15,00,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். அதன் சராசரிச் செலவு 30,150 ரூபாய். உங்கள் கையில் இருப்பதோ போனஸும் சேர்த்து 10,000. அப்படியென்றால் நிபந்தனை முடிவதற்கு முன்பே பெரும்பாலானவர்களின் பணம் தீர்ந்துவிடும். 0.82 சதவீத கேசினோ ஹோல்டமிலேயே செலவு 12,300 வருகிறது. சரி, ஸ்லாட்டுக்குப் போகலாமே என்றால், 100 ரூபாய்க்கு 96 ரூபாய் திருப்பித் தரும் எந்திரத்தில் 1,50,000-க்கு 6,000 போகும். எந்தப் பக்கம் போனாலும் போனஸைவிடச் செலவு அதிகமாக இருக்கும்படித்தான் எண்களைப் பொருத்தியிருக்கிறார்கள்.

நோட்டில் ஒரே வரியாக எழுதிக்கொள்ளலாம்: நிபந்தனைத் தொகையைச் சேரும் விகிதத்தால் வகுத்து, மொத்தப் பந்தயச் சதவீதத்தால் பெருக்கினால் செலவு. அது போனஸைவிட அதிகம் என்றால், அந்தப் போனஸ் உங்களிடமிருந்து பணத்தை எடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மேலும் நிபந்தனைகள் உண்டு. எத்தனை நாளில் முடிக்க வேண்டும், ஒரு கைக்கு அதிகபட்சம் எவ்வளவு கட்டலாம், ஜெயித்தாலும் எவ்வளவுதான் எடுக்கலாம், போனஸ் தொகையே வெளியே வருமா அல்லது ஆட மட்டும்தானா, சீட்டைப் பார்த்த பிறகு வைக்கும் இரண்டாவது பந்தயம் நிபந்தனைக்குச் சேருமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. முதல் பந்தயம் மட்டும் சேரும் என்றால் மேலே போட்ட செலவு இன்னும் கூடும். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 10 மடங்குக்கு மேல் நிபந்தனை வைக்கக் கூடாது என்று 2025-ல் அறிவித்தது. 40, 50 மடங்கு கேட்கிற விளம்பரங்களை அதோடு வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும்.

சிக்னல் போனால்

மலைக்காரர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் ரோட்டில் மரம் விழுந்தால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். கேமரா முன் மனிதர் சீட்டுப் போடும் நேரலை மேசையில் முடிவெடுக்கச் சில வினாடிகள்தான் தருவார்கள். அதற்குள் பதில் போகாவிட்டால் பெரும்பாலான விதிகளில் ஒதுங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள், கையில் நல்ல ஜோடி இருந்தாலும் முதல் பந்தயம் போய்விடும். மேசை லாபம் என்று எழுதிய எந்த எண்ணிலும் இந்த நஷ்டம் சேராது. வெளிநாட்டில் இருப்பவர்களும் விதிப்பக்கத்தில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டால்' என்ற பத்தியை முதலில் தேடிப் படிக்க வேண்டும்.

வாடகைக் கணக்கு வேண்டவே வேண்டாம்

இதைப் பெற்றோரும் படிக்க வேண்டும். பணம் எடுக்கவும் போடவும் இந்தத் தளங்களுக்கு நம் ஊர் வங்கிக் கணக்குகள் தேவைப்படுகின்றன. "உன் பெயரில் கணக்கு திறந்து ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடுத்தால் மாதம் இவ்வளவு" என்று படிக்கிற பிள்ளைகளை அணுகுகிறார்கள். கொடுத்தால் கணக்கு முடங்கும், காவல்துறை விசாரணை கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் வரும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். பணம் ஏமாந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, போன பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

இழந்ததை மீட்க மறுபடி ஆடுவது, வீட்டில் மறைப்பது, கடன் ஆப்பில் பணம் எடுப்பது என்று போய்விட்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டித் திட்ட வேண்டாம். அந்த நிலையில் அவருக்குத் தேவை பெருக்கல் இல்லை, பேச ஒரு ஆள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். அழைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். யுபிஐயின் தினசரி வரம்பைக் குறைப்பது, கடன் ஆப்புகளை நீக்குவது போன்ற வேலைகளை அதன் பிறகு அவரோடு சேர்ந்தே செய்யலாம்.